அடுப்பெரிந்தால் குளிரும் பெட்டி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ஆர்வி எனப்படும் வீட்டு வண்டியின் பக்கவாட்டில், தரைக்குச் சற்று மேலே, காற்றுத் துளைகள் வைத்த பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால், தகரக் கூட்டுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு நீலச் சுடர் எரிந்துகொண்டிருப்பது தெரியும். அந்தச் சுவருக்கு மறுபுறம், வண்டிக்குள் நிற்பது ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் ஐஸ் கட்டியாக இருப்பது இந்தச் சுடரின் புண்ணியத்தில்தான். சுடர் அணைந்தால் ஐஸ் உருகிவிடும்.

வீட்டு ஃப்ரிட்ஜைக் கழற்றி மாட்டிப் பழகிய கை, இதன் பின்பக்கத்தை முதன்முதலில் பார்க்கும்போது தயங்கும். கம்ப்ரஸர் எங்கே? இல்லை. ரிலே, கெபாசிட்டர்? எதுவும் இல்லை. கேஸ் ஏற்ற ஒரு வால்வாவது? அதுவும் இல்லை. வளைந்து நெளிந்து மேலே போய்க் கீழே வரும் கறுப்பு இரும்புக் குழாய்களும், அடியில் ஓர் அடுப்பும்தான் இருக்கின்றன. சத்தமே போடாத இந்தக் கருவி நின்றுபோனால் எதைத் தட்டிப் பார்ப்பது என்று தெரியாமல் விழிப்பதும், அவசரப்பட்டு முழு ஃப்ரிட்ஜையும் மாற்றிவிடுவதும் அங்கே சகஜம்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால் குளிரைத் தேடிப் பயனில்லை. சூட்டைத் தேட வேண்டும். சூடு சரியாக உண்டாகிறதா? உண்டான சூடு சரியாக வெளியேறுகிறதா? பெரும்பாலான பழுதுகள் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும்.

மாணவர்கள் செய்த ஃப்ரிட்ஜ்

நெருப்பை வைத்துக் குளிர வைக்கும் யோசனை பழையது. பிரான்சின் ஃபெர்டினாண்ட் கார்ரே 1859இல் அம்மோனியாவையும் தண்ணீரையும் கொண்டு பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு ஒரு பம்பு தேவைப்பட்டது. பம்பே இல்லாமல் இதைச் செய்ய முடியும் என்று 1922இல் காட்டியவர்கள், ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டென், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள். 1925இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அந்தக் கண்டுபிடிப்பை வாங்கிக்கொண்டது. இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து இதே வகையில் வேறொரு ஃப்ரிட்ஜுக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். ஐன்ஸ்டைன் பெயர் இருந்தும் அது கடைக்கு வரவில்லை. மாணவர்களுடையது வந்தது.

கரண்ட் எட்டாத பண்ணை வீடுகளுக்கு இது வரமாக அமைந்தது. பொது மின் இணைப்பை ஏற்காத ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் இந்த வகை ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. ஆர்விக்குள் நுழைந்ததும் அதே காரணத்தால்தான். பாலைவனத்திலோ காட்டோரத்திலோ வண்டியை நிறுத்தினால் கரண்ட் இருக்காது, சிலிண்டர் இருக்கும். எலக்ட்ரோலக்ஸிலிருந்து பிரிந்த டொமெட்டிக்கும், நோர்கோல்டு என்ற நிறுவனமும் பல பத்தாண்டுகளாக ஆர்விகளுக்கு இதைக் கொடுத்துவந்திருக்கின்றன.

இட்லிப் பானையில் தொடங்குவோம்

இதன் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள ஓர் இட்லிப் பானை போதும். பானையில் தண்ணீர், அடியில் நெருப்பு. தண்ணீர் கொதித்து ஆவி மேலே போகிறது. மூடியில் பட்டுக் குளிர்ந்து, முத்து முத்தாகத் திரண்டு, மறுபடி கீழே சொட்டுகிறது. இறங்கிய நீர் திரும்பவும் கொதிக்கிறது. மூடியைத் திறக்காதவரை அதே தண்ணீர்தான் மேலும் கீழும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆர்வி ஃப்ரிட்ஜின் குழாய்த் தொகுதி, எந்நாளும் திறக்காதபடி மூடியைப் பற்றவைத்துவிட்ட ஓர் இட்லிப் பானை.

இதில் வெறும் தண்ணீர் இல்லை. தண்ணீரில் கரைந்த அம்மோனியா இருக்கிறது. அம்மோனியா தனியாக இருந்தால் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தண்ணீரில் கரைந்திருப்பதால் அடங்கிக் கிடக்கிறது. அடியில் சூடு கொடுத்ததும் தண்ணீரை முந்திக்கொண்டு அம்மோனியா ஆவியாகக் கிளம்புகிறது. பானையின் இந்த அடிப்பகுதியைத்தான் பாய்லர் என்கிறார்கள்.

பானையில் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டால் என்ன ஆகும்? கொதி ஏறி, தட்டின் துளை வழியாகத் தண்ணீர் மேலே தளும்பும்; அடித்தட்டு இட்லிகள் கொழகொழத்துப் போகும். சமையலில் வேண்டாத இந்தத் தளும்பல்தான் ஃப்ரிட்ஜுக்குப் பம்பு. பாய்லரில் கிளம்பும் குமிழிகள் ஒரு மெல்லிய குழாய்க்குள் ஏறும்போது, குமிழிக்கும் குமிழிக்கும் நடுவே சிக்கிய தண்ணீரையும் சேர்த்து மேலே தள்ளுகின்றன. அம்மோனியாவைப் பெருமளவு இழந்த அந்தத் தண்ணீர் ஒரு வழியாகப் பிரிகிறது. ஆவி இன்னொரு வழியாக உச்சிக்குப் போகிறது. மோட்டார் இல்லாமலே சுழற்சி தொடங்கிவிட்டது.

உச்சியில் இருப்பது மூடி. தகடுகள் செருகிய ஒரு குழாய், பெயர் கண்டென்சர். அம்மோனியா ஆவி இங்கே காற்றுப் பட்டுத் திரவமாகிறது. ஆவி திரவமாகும்போது சூட்டைக் கொட்டிவிட்டுத்தான் ஆகும். பானை மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி அப்படிச் சுடுவதற்குக் காரணமும் அதுதான்: தோலில் பட்டுத் தண்ணீராகும் கணத்தில் தன்னிடம் இருந்த சூட்டில் பெரும்பங்கை அங்கே இறக்கிவிடுகிறது. ஃப்ரிட்ஜின் மூடியில் இறங்கும் சூட்டை அங்கிருந்து அள்ளிக்கொண்டு போகக் காற்றோட்டம் வேண்டும். இதை மனத்தில் வையுங்கள். கோடையில் வரும் புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன.

அடுத்து வருவது குளிர். இதற்கு இட்லித் துணியை எடுத்துக்கொள்ளலாம். அலசிப் பிழிந்து கொடியில் போட்ட துணியைக் காய்ந்துகொண்டிருக்கும்போது தொட்டால் சில்லென்று இருக்கும். ஈரம் ஆவியாகப் போகும்போது துணியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதே துணியை மூடிய டப்பாவுக்குள் போட்டுவைத்தால் காயாது, குளிரவும் குளிராது. உள்ளே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் மேலும் ஆவியாக இடமில்லை. காற்று வந்து அந்த ஈரத்தைக் கலைத்தால்தான் அடுத்த ஈரம் கிளம்பும்.

அந்த இரண்டு மாணவர்களின் சாமர்த்தியம் இங்கே வெளிப்படுகிறது. ஃப்ரீசரை ஒட்டி ஓடும் குழாயில் அவர்கள் ஹைட்ரஜன் வாயுவை அடைத்தார்கள். மேலிருந்து இறங்கும் திரவ அம்மோனியாவுக்கு அந்த ஹைட்ரஜன்தான் காற்று. குழாய்த் தொகுதி முழுவதும் மொத்த அழுத்தம் ஒன்றுதான். ஆனால் இந்தப் பகுதியில் அதில் பெரும்பங்கு ஹைட்ரஜனுடையது. அம்மோனியா ஆவியின் பங்கு குறைவு. அதனால் அம்மோனியா தாராளமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது ஃப்ரீசரிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. ஃப்ரீசரை முடித்துவிட்டு, மீதிக் குளிரைக் கீழ்ப் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியத் தகடுகளுக்குக் கொடுக்கிறது.

கடைசி வேலை, ஆவியைத் திரும்பப் பிடிப்பது. தண்ணீருக்கு அம்மோனியா என்றால் கொள்ளை ஆசை. தன் கன அளவைப்போலப் பல நூறு மடங்கு அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். ஹைட்ரஜனை அது சீண்டவே சீண்டாது. அம்மோனியாவும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கீழே இறங்கி, பின்பக்கச் சுருள் குழாய்க்குள் ஏறும்போது, பாய்லரிலிருந்து பிரிந்துபோன தண்ணீர் எதிரே வழிந்து வருகிறது. அம்மோனியாவை அது வாரிக்கொள்கிறது. தனித்துவிடப்பட்ட ஹைட்ரஜன் இலேசாகி மறுபடி மேலே போகிறது. அம்மோனியா ஏறிய தண்ணீர் அடித் தொட்டியில் சேர்ந்து பாய்லருக்குத் திரும்புகிறது. ஒரு சுற்று முடிந்தது.

இந்தச் சுற்றில் தேயும் உறுப்பு எதுவும் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம் ஓடிய ஃப்ரிட்ஜ்கள் உண்டு. ஆனால் மேலே ஏறிய திரவத்தைத் திரும்பக் கீழே கொண்டுவருவது புவியீர்ப்பு ஒன்றுதான். அதனால் முதல் விதி வருகிறது.

சாய்ந்த பானை அடிப்பிடிக்கும்

இட்லிப் பானையைச் சாய்த்து வைத்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும். நெருப்போ அடி முழுவதும் எரிகிறது. தண்ணீர் இல்லாத பக்கம் காய்ந்து கறுக்கும். ஃப்ரிட்ஜிலும் இதேதான். சுருள் குழாய்கள் மிகக் குறைந்த சரிவில் அமைக்கப்பட்டவை. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும். பாய்லருக்குப் போதுமான திரவம் திரும்பி வராது. அடியில் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

குழாய்கள் உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க, கரைசலில் சோடியம் குரோமேட் என்ற உப்பைக் கலந்திருப்பார்கள். பாய்லர் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அது படிந்து இறுகி, குமிழி ஏறும் மெல்லிய குழாயை அடைக்கத் தொடங்கும். பானையில் அடிப்பிடித்தால் தேய்த்துக் கழுவலாம். பற்றவைத்த குழாய்க்குள் எதைக் கொண்டு தேய்ப்பது? ஒவ்வொரு முறை சாயும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் இந்தச் சேதம் மீளாதது.

பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை சாயலாம் என்பது பல மாடல்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை. ரசமட்டத்தை ஃப்ரீசரின் தரையிலேயே வைத்துப் பாருங்கள். சமையல் மேடையில் வைத்துப் பார்த்தால் போதாது. வண்டி ஓடும்போது இந்தக் கவலை வேண்டாம். குலுங்கிக் குலுங்கி எல்லாப் பக்கமும் சாய்வதால் திரவம் ஓரிடத்தில் தேங்காது. ஆபத்து, சரிவான இடத்தில் நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜை அணைக்காமல் மணிக்கணக்கில் சாப்பிடப் போவதில்தான்.

நம் ஊரில் இட்லிப் பானைக்குள் ஒரு காசைப் போட்டுவைப்பவர்கள் உண்டு. தண்ணீர் இருக்கும்வரை காசு தடதடவென ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஃப்ரிட்ஜுக்குள் காசு இல்லை. ஆகவே கேள்விகளை நாமேதான் வெளியிலிருந்து கேட்க வேண்டும். எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

முதல் கேள்வி: உண்மையிலேயே பழுதா?

கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜின் வேகத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. வெறும் பெட்டியே குளிர 6 முதல் 8 மணி நேரம் ஆகும்; முழுதாகத் தயாராக ஒரு நாள் வேண்டும். பயணத்துக்கு முந்தைய நாளே போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை உள்ளே வைப்பதுதான் முறை. ஆறாத சாம்பாரை வைத்துவிட்டு அரை மணியில் கதவைத் திறந்து பார்த்தால் எந்த நாளும் பழுதாகத்தான் தெரியும்.

பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலையை நம்பாதீர்கள். கதவைத் திறந்ததும் அது மாறிவிடும். ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். 12 மணி நேரம் கழித்து 6 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே காட்டினால் குழாய்த் தொகுதி வேலை செய்கிறது. உணவைப் பத்திரமாக வைக்க 4 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும்.

கதவின் ரப்பர் கேஸ்கெட்டையும் இப்போதே பார்த்துவிடலாம். ஒரு ரூபாய் நோட்டையோ டாலர் நோட்டையோ கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இழுவை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. உள்ளே அலுமினியத் தகடுகளில் பனி மூடியிருந்தால் அதையும் கரைத்துவிடுங்கள். பனி, குளிரைத் தகடுகளிலேயே பூட்டிவைக்கும். கத்தியால் மட்டும் சுரண்ட வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: எந்த அடுப்பில் குளிரவில்லை?

இந்தப் பானைக்கு இரண்டு அடுப்புகள் உண்டு. ஒன்று புரொப்பேன் கேஸ் பர்னர். இன்னொன்று, முகாமில் 120 வோல்ட் இணைப்பு கிடைக்கும்போது எரியும் மின் ஹீட்டர். சில மாடல்களில் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மூன்றாவது ஹீட்டரும் இருக்கும். எல்லாம் சூடாக்குவது ஒரே பாய்லரைத்தான்.

இந்த ஒரு விவரம் பழுதுபார்ப்பவருக்குப் பெரிய ஆயுதம். கரண்டில் ஒரு நாள், கேஸில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கரண்டில் நன்றாகக் குளிர்ந்து கேஸில் குளிரவில்லை என்றால் பானை நலம். கேஸ் அடுப்பில்தான் கோளாறு. மாறாக இருந்தால் ஹீட்டர், ஃபியூஸ், போர்டு பக்கம் போங்கள். இரண்டிலும் குளிரவில்லை என்றால் பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும்: மட்டம், காற்றோட்டம், வெப்பநிலை உணரி, கடைசியாகக் குழாய்த் தொகுதி. இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘யூனிட் போய்விட்டது’ என்று யார் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

கரண்ட் பக்கம்

கேஸில் ஓடும்போதும் இதன் கன்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும். வால்வைத் திறப்பதும் பொறி தட்டுவதும் அதுதான். விளக்கே எரியவில்லை என்றால் முதலில் பேட்டரியையும், போர்டின் ஃபியூஸையும், பூமி இணைப்பில் படிந்த துருவையும் பாருங்கள். பேட்டரி முனையில் 12 வோல்ட் இருப்பது போதாது. போர்டின் முனையிலேயே மீட்டரை வைத்து அளக்க வேண்டும். வழியில் ஒரு தளர்ந்த இணைப்பு இரண்டு வோல்ட்டை விழுங்கிவிட்டால் போர்டு கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளும்.

மின் ஹீட்டரைச் சோதிக்க 120 வோல்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டரின் இரண்டு ஒயரையும் போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். 120ஐ 120ஆல் பெருக்கி ஹீட்டரின் வாட்டால் வகுத்தால் வரவேண்டிய அளவு கிடைக்கும். 325 வாட் ஹீட்டர் என்றால் ஏறக்குறைய 44 ஓம். 300 வாட் என்றால் 48. மீட்டர் எதையும் காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. ஹீட்டர் விலை அதிகமில்லை. பழையது குழலுக்குள் துருவேறி மாட்டிக்கொண்டிருந்தால் உருவுவதுதான் சிரமம்.

12 வோல்ட் ஹீட்டரை வண்டி ஓடும்போது மட்டும் பயன்படுத்துங்கள். 215 வாட் ஹீட்டர் 18 ஆம்பியர் இழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு அதை மறந்தால், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதி மூன்று மணி நேரத்துக்குள் காலி.

கேஸ் பக்கம்

ஃப்ரிட்ஜின் பர்னரைத் தொடும் முன் வண்டியின் சமையல் அடுப்பைப் பற்றவையுங்கள். மூன்று பர்னரும் நீலமாக, சீராக எரிந்தால் சிலிண்டரிலும் ரெகுலேட்டரிலும் பெரிய குறையில்லை. சுடர் தளர்ந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். 11 அங்குல நீர் அழுத்தம் இருக்கிறதா என்று அளவி வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்காலம் முழுக்க நின்ற வண்டியில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். சமையல் அடுப்பைச் சற்று நேரம் எரியவிட்டால் அது வெளியேறிவிடும். அதன் பிறகும் ஃப்ரிட்ஜ் இரண்டு மூன்று முறை டிக் டிக் என்று முயன்றுதான் பற்றும். மலையில் 5,500 அடிக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் சுடர் அடிக்கடி அணையலாம்; அங்கே கரண்டுக்கு மாறிக்கொள்வது நல்லது.

இனி பர்னர். ஃப்ரிட்ஜையும் சிலிண்டரையும் மூடி, பாய்லர் ஆறும்வரை காத்திருங்கள். வெளிமூடியையும் பர்னர் மேல் உள்ள தகரக் கூட்டையும் கழற்றினால், பென்சில் பருமனில் ஒரு குழாய், அதன் மேற்பக்கம் வரிசையாக மெல்லிய வெட்டுகள். அந்த வெட்டுகளின் மேல் செம்பழுப்புத் துருச் செதில்கள் குவிந்து கிடக்கும். மேலே புகைபோக்கியின் உள்சுவரிலிருந்து பயணக் குலுக்கலில் உதிர்ந்தவை. பர்னரின் காற்றுத் துளைக்குள் வெள்ளை நூலாம்படை. சிலந்திக்கும் மண்குளவிக்கும் அந்தக் குழாய் வசதியான வீடு. இவ்வளவு போதும், சுடர் மஞ்சளாகிக் கரி பிடிக்க.

சிறிய பிரஷால் செதிலைத் தட்டி, அழுத்தக் காற்றால் ஊதுங்கள். கேஸ் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி ஆல்கஹாலில் ஊறவைத்து உலர்த்துங்கள். ஊசியை விட்டுக் குத்தவே கூடாது. துளை இம்மி பெரிதானாலும் கேஸ் கூடிப் போய்ச் சுடர் கெட்டுவிடும். திரும்ப மாட்டியபின் ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குமிழி வந்தால் பற்றவைக்காதீர்கள்.

பொறி வருகிறது, சுடர் பற்றுகிறது, சில வினாடியில் அணைகிறது என்றால், சுடர் இருப்பதைப் போர்டு உணரவில்லை. பழைய மாடல்களில் இந்த வேலையைச் செய்வது தெர்மோகப்பிள். சுடரில் காயும்போது 25 முதல் 35 மில்லிவோல்ட் வரை தரும். கரியைத் துடைத்து, முனை சுடருக்குள் இருக்கும்படி நகர்த்துங்கள். தேறவில்லை என்றால் மாற்றுங்கள். பொறியே வரவில்லை என்றால் எலக்ட்ரோடுக்கும் பர்னருக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா, அதன் வெள்ளைப் பீங்கானில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும்.

பர்னருக்கு மேலே செங்குத்தாகப் போகும் புகைபோக்கிக்குள், ஒரு கம்பியில் முறுக்கிய தகடு தொங்கும். மேலே ஓடும் சூட்டைச் சுழலவிட்டுப் பாய்லர் சுவரோடு உரச வைப்பது அதன் வேலை. கம்பி அறுந்து தகடு கீழே விழுந்திருந்தாலோ, யாரோ சுத்தம் செய்துவிட்டு மாட்ட மறந்திருந்தாலோ, சுடர் அழகாக எரியும்; சூடு முழுவதும் புகையோடு போய்விடும். கேஸில் மட்டும் அரைகுறையாகக் குளிரும் ஃப்ரிட்ஜ்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

மூடி ஆற வேண்டும்

இரண்டு அடுப்பிலும் குளிர்ச்சி குறைவு, அதுவும் மதியம்தான் மோசம் என்றால் காற்றோட்டம்தான் காரணமாக இருக்கும். கீழ்த்துளை வழியாகக் காற்று நுழைந்து, சுருள்களை உரசி, கண்டென்சரைக் கடந்து, கூரைத் துளை வழியாக வெளியேற வேண்டும். கூரைமேல் ஏறிப் பாருங்கள். பறவைக் கூடு, காய்ந்த இலை, கிழிந்த வலை என்று ஏதாவது இருக்கும். அடுத்து, சுருள்களுக்கும் வண்டிச் சுவருக்கும் இடையே உள்ள இடம். அது ஓர் அங்குலத்துக்கு மேல் அகன்றிருந்தால் காற்று சுருள்களைத் தொடாமலே மேலே போய்விடும். ஒரு தகடு அடித்து அந்த இடைவெளியைக் குறைத்தால் காற்று சுருள்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். 12 வோல்ட் சிறு ஃபேன் ஒன்றைப் பொருத்துவது அரிசோனா வெயிலில் பலருக்குக் கைகொடுத்த வைத்தியம். ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்தில் மாலை வெயில் படாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குக் காசே ஆகாது.

உணரி என்பது உள்ளே அலுமினியத் தகட்டில் செருகிய தெர்மிஸ்டர். டொமெட்டிக்கின் பல மாடல்களில் அதைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டால் ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடும். கழற்றியபின் நன்றாகக் குளிர்ந்தால் குற்றவாளி அதுதான். ஐஸ் தண்ணீரில் முக்கி அளந்தால் 7 முதல் 10 ஆயிரம் ஓம் காட்ட வேண்டும்.

பானையே போய்விட்டதா?

இவ்வளவும் சரியாக இருந்து, ஹீட்டரை 24 மணி நேரம் நேரடியாகக் கரண்டில் எரியவிட்டும் பெட்டி குளிரவில்லை என்றால், குழாய்த் தொகுதியைச் சந்தேகிக்க வேண்டியதுதான். பாய்லர் கொதிக்க, அதற்கு அப்பால் குழாய்கள் எதிலும் சூடு ஏறவில்லை என்றால் உள்ளே அடைப்பு. ஃப்ரிட்ஜைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தாலோ, பின்பக்கம் பாய்லரை ஒட்டி மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ கசிவு. அந்த மஞ்சள் பொடி சோடியம் குரோமேட். நச்சு; வெறுங்கையால் தொடக் கூடாது, பிரஷால் தட்டிப் பறக்கவிடவும் கூடாது.

கசிவு தெரிந்த அந்த நிமிடமே கேஸையும் கரண்டையும் அணைத்து, சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியே வந்துவிடுங்கள். உள்ளே அடைத்திருப்பதில் ஹைட்ரஜனும் உண்டு. காற்றழுத்தத்தைப்போல இருபது மடங்குக்கு மேலான அழுத்தத்தில். ஒரு கையளவு தூரத்தில் திறந்த சுடர் எரிகிறது. டொமெட்டிக் 2006இல் பல லட்சம் ஃப்ரிட்ஜ்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, பாய்லர் குழாயில் விழக்கூடிய விரிசலும் அதனால் தீப்பிடிக்கும் அபாயமும்தான். இந்தக் குழாயை வீட்டில் பற்றவைக்க நினைப்பதும், துளையிட்டுக் கேஸ் ஏற்றப் பார்ப்பதும் தற்கொலைக்குச் சமம்.

ஃப்ரிட்ஜைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். நெடுநாள் சும்மா கிடந்து திரவம் எங்கோ தேங்கிய பழைய யூனிட்டுகளில் எப்போதாவது பலித்திருக்கிறது. அடிப்பிடித்துப் படிந்த உப்பு அதனால் கரையாது. கசிந்துபோன ஹைட்ரஜனும் திரும்பி வராது.

அப்போது வழி மூன்று. பெட்டியையும் கதவையும் வைத்துக்கொண்டு குழாய்த் தொகுதியை மட்டும் புதிதாக மாற்றலாம். வண்டி புதிது, பெட்டி நலம் என்றால் இது லாபம். அதே வகை முழு ஃப்ரிட்ஜை வாங்கலாம். இல்லையென்றால் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு மாறலாம். அது சட்டென்று குளிரும், வெயிலுக்கும் லேசான சாய்வுக்கும் அசராது, திறந்த சுடரும் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பேட்டரியைக் கேட்கும். முகாம் இணைப்பிலும் சோலார் தகட்டிலும் வாழ்கிறவர்களுக்கு அது பொருந்தும். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத இடத்தில் தங்குகிறவர்களுக்கு ஒரு சிலிண்டரில் பல நாள் ஓடும் பழையதே மேல்.

முடிவெடுக்கும் முன் மெக்கானிக்கை அழைப்பதாக இருந்தால் நான்கு விவரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேஸிலும் கரண்டிலும் தனித்தனியாக ஓட்டியபோது 12 மணி நேரம் கழித்துத் தம்ளர் தண்ணீர் எத்தனை டிகிரி; ஃப்ரீசர் தரையில் ரசமட்டம் என்ன காட்டியது; பர்னர் சுடர் நீலமா, மஞ்சளா; நெடியோ மஞ்சள் பொடியோ உண்டா. இந்த நான்கும் கையில் இருந்தால் அவர் தொலைபேசியிலேயே பாதி வேலையை முடித்துவிடுவார். இவை எதையும் கேட்காமலே புது ஃப்ரிட்ஜின் விலையைச் சொல்லத் தொடங்குகிறார் என்றால் வேறு மெக்கானிக்கைத் தேடுங்கள்.